தமிழில் கொடுத்த பேட்டி ஊருக்குப் போகும்

வேலை நிமித்தமாகச் சிங்கப்பூருக்கு வரும் வெளிநாட்டுத் தமிழ் வானொலி அறிவிப்பாளர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ஒரு பூக்கடைக்காரர். ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஒரு பெரியவர். ஒரு தமிழாசிரியர். ஒரு கட்டுமான ஊழியர். முடிந்தால் ஓர் இல்லப் பணிப்பெண். கடைசியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு வாரத்துக்குள் இத்தனை பேரையும் பிடித்து, இடையில் முஸ்தஃபா கடையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் ஏற வேண்டும். இங்கே தமிழ் நிகழ்ச்சிகள் தயாரித்துப் பிழைக்கும் எனக்கு, இப்படி வருகிறவர்களோடு வழித்துணையாக அலைவதும் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது.

பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லார்முன்னும் மைக்கை ஒரே மாதிரி நீட்டுவதில்தான் சிக்கல். தமிழாசிரியருக்குப் பேட்டி ஒரு மகிழ்ச்சி. பூக்கடைக்காரருக்கு விளம்பரம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்றாட வேலை. கட்டுமான ஊழியருக்கும் பணிப்பெண்ணுக்குமோ அது பிழைப்பிலேயே கைவைத்துவிடக்கூடிய விஷயம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை; அவசரத்தில் இருப்பவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்காகவும், அவர்களிடம் பேசப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் குடிநுழைவுச் சங்கதி. சுற்றுப்பயணியாக நுழைந்து, கைக்கு அடக்கமான ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் அரசாங்க அமைப்பு ஒன்றின் ஆதரவோடு வரும் செய்தியாளருக்கு ஒரு விதி, ஆதரவில்லாமல் வருகிறவருக்கு வேறு விதி. ஆதரவில்லாமல் வருகிறவர் மனிதவள அமைச்சிடம் ‘மிசலேனியஸ் வொர்க் பாஸ்’ எனப்படும் குறுகியகால அனுமதியைப் பெற வேண்டும்; அது 60 நாள்வரை செல்லும். உங்கள் பயணம் எதில் அடங்கும் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் ஆவணம் சரியில்லை என்றால் விசாரணை உங்களோடு நிற்காது. உங்களிடம் பேசியவர்கள் யார் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்க நேர்வது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊழியர் ஒருவர் இங்குள்ள ஆங்கில நாளேட்டிடம் தன் சம்பளப் பாக்கியைப் பற்றிச் சொன்னால், அது அவருடைய அம்மாவின் காதுக்குப் போகாது. தமிழ் வானொலிக்குச் சொன்னால் போகும். அவர் தேக்காவில் நின்று பேசியதை மாமனார் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். அவருடைய சூப்பர்வைசரும் தமிழர், விடுதியில் அடுத்த கட்டிலில் படுப்பவரும் தமிழர், பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்த ஏஜெண்டும் தமிழர். நம்முடைய நேயர் கூட்டமும் அவருடைய ஊரும் ஒன்றேதான். வேறு மொழிச் செய்தியாளர்களுக்கு இந்தக் கவலை இந்த அளவுக்குக் கிடையாது; அதனால்தான் அவர்கள் எழுதிவைத்த ஒழுங்குமுறைகளைப் படித்துவிட்டு வந்தால் மட்டும் நமக்குப் போதாது என்கிறேன்.

முன்பெல்லாம் ஒலிபரப்பானது காற்றோடு போயிற்று. தவறவிட்டவர் தவறவிட்டவர்தான். இன்று அதே பேட்டி பாட்காஸ்டாக இணையத்தில் ஏறுகிறது. அதில் உருக்கமான ஒரு நிமிடத்தை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அது ஊர்க்காரர்களின் குழுவுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பேசியவருக்கே தெரியவருகிறது.

ஊருக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்பவர் புலம்பெயர்ந்த பிழைப்பை அறியாதவர். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு இன்னும் வட்டி ஓடுவதை மனைவியிடம் மறைத்திருப்பார். காலில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் கிடந்ததை அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கடனில் மூழ்கியிருக்கிறான் என்ற பேச்சு கிளம்பினால் என்னவாகும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் முதலாளி. வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிக்காரருக்கும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைப்பணத்துக்கு அந்த முதலாளி அரசாங்கத்திடம் பொறுப்பேற்றிருக்கிறார். அனுமதியை ரத்துச் செய்வதும் அவர் கையில் இருக்கிறது. பேட்டி கொடுத்ததற்காகத்தான் உன்னை அனுப்புகிறேன் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. ‘வேலை குறைந்துவிட்டது’ என்றால் போதும். நல்ல முதலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் முன்னால் நிற்பவரின் முதலாளி எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கே கூடச் சரியாகத் தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிறு மாலை ரேஸ்கோர்ஸ் சாலைக்கு அருகே ஒரு புல்தரையில் நடந்ததைச் சொல்கிறேன். உடன் வந்திருந்த அறிவிப்பாளர் பேச்சில் வல்லவர், முகத்தைப் பார்த்தாலே யாரும் நின்று பேசுவார்கள். சட்டைக் காலர் இன்னும் மடிப்புக் கலையாத ஓர் இளைஞரிடம் மைக்கை நீட்டி, “தம்பி, என்ன செலவு செய்து இங்கே வந்தீர்கள்?” என்றார். இளைஞர் சிரித்தார், சொல்லவும் வாயெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், சாப்பாட்டுப் பொட்டலம் தொங்கிய கையாலேயே அவருடைய முழங்கையை அழுத்தினார். பிளாஸ்டிக் பை சரசரத்தது. என் ஹெட்ஃபோனில் அதுதான் பெரிதாகக் கேட்டது.

“அண்ணே, இது ஒலியா?” என்று கேட்டார் இளைஞர்.

“இல்லை தம்பி, நாங்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறோம்.”

“அப்படியென்றால் ஊரில் கேட்குமா?”

“உலகம் முழுக்கக் கேட்கும்!” என்றார் நம்மவர் உற்சாகமாக.

நற்செய்தி சொல்கிற நினைப்பில்தான் சொன்னார். இளைஞர் எழுந்துவிட்டார். “சாப்பாடு ஆறிவிடும் அண்ணே” என்று இரண்டு பேரும் சாலையைக் கடந்து போனார்கள். பையன் கூச்சப்படுகிறான் என்று அறிவிப்பாளர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர் அந்த உரையாடலில் அவர் ஒருவர்தான்.

அந்த முதல் கேள்வியையும் கவனியுங்கள். இங்கே மைக்கோடு யார் நின்றாலும் அது ஒலி 96.8 என்று எடுத்துக்கொள்வது மக்களுக்குப் பழக்கம். உள்ளூர் நிலையம், தெரிந்த குரல்கள், பாட்டு விருப்பம் கேட்கும் இடம் என்ற நம்பிக்கையில் சம்மதித்துவிடுவார்கள். நீங்கள் யார் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது உங்கள் கடமை. நிலையத்தின் பெயர், நாடு, நிகழ்ச்சி எதைப் பற்றியது, இணையத்தில் இருக்குமா, இந்த நான்கையும் மைக்கை வெளியே எடுப்பதற்கு முன் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதே வட்டாரத்தில் 2013 டிசம்பர் 8 அன்று வெளிநாட்டு ஊழியர்கள் ஈடுபட்ட கலவரத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டே தீருவது என்று வருகிறவர்களும் உண்டு. அன்று பள்ளிக்கூடப் பையனாக ஊரில் இருந்த ஒருவரிடம், இன்று வேலை அனுமதியில் இருக்கும் ஒருவரிடம், அதைக் கேட்டு என்ன பயன்? அவர் சொல்லும் பதில் உங்களுக்குச் செய்தியாகவும் இருக்காது, அவருக்கு நல்லதாகவும் இருக்காது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு வந்த 2015ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. பேட்டியின் பின்னணியில் பீர் கேன் திறக்கும் சத்தம் கேட்டால் அந்தப் பதிவை நான் பயன்படுத்துவதில்லை. சூழல் ஒலி நன்றாக இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார்!

‘பெயரை மாற்றிவிட்டோம்’ என்பது நம் தொழிலில் எல்லாரும் சொல்லும் சமாதானம். வானொலியில் அது பாதிச் சமாதானம்கூட ஆகாது. புதுக்கோட்டைப் பேச்சா, நாகர்கோவில் பேச்சா என்று தமிழ் நேயர் இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார். எந்த ரயில் பாதைப் பணியில், எந்த நிலையத்தில், எந்த ஆண்டில் கை நசுங்கியது என்று சொன்னபிறகு பெயர் எதற்கு? ஆளை அடையாளம் காட்டுவது விவரங்களின் சேர்க்கை. அதனால் விவரங்களைத்தான் குறைக்க வேண்டும். ஊரைச் சொன்னால் வேலையிடத்தை விட்டுவிடுங்கள். வேலையிடம் கதைக்கு முக்கியம் என்றால் ஊரையும் ஆண்டையும் விட்டுவிடுங்கள். எதை விட்டாலும் கதை நிற்காது என்றால் அந்தக் கதையை அவர் குரலில் சொல்லக் கூடாது என்று பொருள்.

குரலின் சுருதியை மாற்றிக் கரகரப்பாக்கி ஒலிபரப்பும் வழக்கத்தையும் நான் நம்புவதில்லை. மென்பொருளில் ஏற்றி இறக்கியதை அதே மென்பொருளில் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்வது கடினமல்ல. கேட்பவருக்கும் அது ஏதோ குற்றவாளியின் வாக்குமூலம் போலப் படுகிறது. வேறு ஒருவரை வைத்து அந்த வார்த்தைகளைப் படிக்கச் செய்து, ‘அவர் சொன்னதை மறுகுரலில் தருகிறோம்’ என்று அறிவித்துவிடுவதே நேர்மை. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் படித்தால் நேயர்கள் குரல் மாறியதைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளப் பாக்கிக்காகவோ வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுக்காகவோ காத்திருக்கும் ஊழியர்களுக்கு, டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008 முதல் ‘கஃப் ரோடு’ திட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியாவில் இலவசமாக உணவு வழங்கிவருகிறது. வெளியூர்ச் செய்தியாளர்களுக்கு அந்த வரிசை கண்ணில் படாமல் இருக்காது. கதைகள் அங்கே நிறைய உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர் விபத்து எப்படி நடந்தது என்று ஏற்கெனவே அதிகாரிகளிடம் சொல்லியிருப்பார். உங்களிடம் கதை ஓட்டத்தில் நேரத்தையோ இடத்தையோ கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டால், அந்த முரண்பாடு எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பரிசு. நேராக வரிசைக்குப் போகாதீர்கள். அமைப்பிடம் முதலில் பேசுங்கள். யாருடைய வழக்கு முடிந்துவிட்டது, யார் பேசினால் பாதகமில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். வழக்கு முடியாதவரிடம் விபத்தைப் பற்றிக் கேட்காமல், காத்திருக்கும் நாள்களை எப்படிக் கழிக்கிறார் என்று கேளுங்கள். வானொலிக்கு அதுதான் பெரும்பாலும் நல்ல பதிவாகவும் அமைகிறது.

2020இல் கொவிட் கிருமித்தொற்றால் விடுதிகள் மூடப்பட்டபோது பேட்டிகள் எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவுகளாக மாறின. நேரில் போக வேண்டியதில்லை என்பதால் அந்தப் பழக்கம் இன்றும் நீடிக்கிறது. வசதிதான். ஆனால் குரல் பதிவில் பின்னணியையும் கேளுங்கள். விடுதி ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஓடும், யாராவது அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் அவர் பெயரையே சொல்லிவிடுவார். பேசியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அறை கவனமாக இருப்பதில்லை. ஹெட்ஃபோன் போட்டு முழுவதையும் ஒருமுறை கேட்காமல் ஒலிபரப்புக்கு அனுப்பக் கூடாது.

இல்லப் பணிப்பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. வேலையிடமே அவர்களுக்கு வீடு. முதலாளியின் குடும்பம் இரவும் பகலும் உடன் இருக்கிறது. வாராந்தர ஓய்வுநாள் 2013இல்தான் விதியானது. பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாள் மாதம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதாவது ஒருவருக்கு மாதத்தில் உறுதியாகக் கிடைப்பது ஒரே ஒரு நாளாகக்கூட இருக்கலாம். அந்த நாளில் கோயிலுக்குப் போக வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தோழியைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து நீங்கள் ஒரு மணி நேரம் கேட்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். அவர் பணிபுரியும் வீட்டுக்கு ஒருபோதும் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில் மட்டும் சந்தியுங்கள். தமிழ் பேசும் குடும்பத்தில் வேலை செய்கிறார் என்றால் நான் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பேன், ஏனென்றால் அந்த வீட்டு வரவேற்பறையிலேயே உங்கள் நிகழ்ச்சி ஒலிக்கக்கூடும்.

பெரியவர்களோடு பேசுவது இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் பயமில்லை, நேரமும் இருக்கிறது. சிக்கலெல்லாம் மின்விசிறியில்தான். தோ பாயோவிலோ அங் மோ கியோவிலோ ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில், பிற்பகல் புழுக்கத்தில், சத்தம் போடுகிறது என்று விசிறியை நிறுத்திவிட்டால் எண்பது வயதுக்காரர் எவ்வளவு நேரம் தாங்குவார்? காலை நேரத்தில் போங்கள். சிறிது நேரம் பதிந்து, விசிறியைப் போட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மீண்டும் தொடருங்கள். குளிர்பெட்டியின் இரைச்சலும் பதிவில் விழும். அதை நிறுத்துவதற்கு முன் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, என் பயண அட்டையை அதற்குள்ளே வைத்துவிடுவேன். அட்டை இல்லாமல் ரயில் ஏற முடியாது, ஆகவே பெட்டியைத் திரும்பப் போடாமல் கிளம்பவும் முடியாது. மீன்குழம்பு கெட்டுப்போன வீட்டில் அடுத்த பேட்டி கிடைக்காது.

தாத்தாவையோ பாட்டியையோ சிரமப்படுத்துவதற்கு முன், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் இருப்பதைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. 1979 முதல் அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் பேட்டிகளில் தமிழில் பேசப்பட்டவையும் உண்டு. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைப் பெரியவராக வாழ்ந்து பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. அன்று குழந்தையாக இருந்தவரிடம் சயாம் ரயில்பாதையையும் நேதாஜியின் கூட்டத்தையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டால், பிறகு கேள்விப்பட்டதைத்தான் சொல்வார். அவருக்கு நேராகத் தெரிந்த காலத்தைக் கேளுங்கள்: செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பு, 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறியபோது வேலை போன கதை, முதன்முதலில் அடுக்குமாடி வீட்டுச் சாவி வாங்கிய நாள். ஆவணக் காப்பகத்திடம் இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். அங்கே பேட்டி கொடுப்பவர் தன் பதிவை யார், எந்த நிபந்தனையில் கேட்கலாம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். அனுமதி பெற்றால்தான் கேட்கலாம் என்று வைக்கப்பட்ட பதிவுகளும் உண்டு.

பெரியவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்று: மைக்கை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போதுதான் உண்மையான கதை வரும். இறந்துபோன தம்பி, பேசாமல் பிரிந்த மகன், யாரிடமும் சொல்லாத ஒரு காதல். ரெக்கார்டரை ஓடவிட்டபடியே மேசைமேல் வைத்துவிடும் தந்திரத்தை இளையவர்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். திருட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. “பாட்டி, இதைப் பதிந்துகொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள்.

தைப்பூசத்தன்று ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் வரும் வழியெங்கும் மைக்குகளைப் பார்க்கலாம். அலகு குத்திக்கொண்டு நடப்பவரிடம் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். பேச முடியாதவரிடம் கேள்வி கேட்கும் அறிவிப்பாளரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய குடும்பத்தினர் கூட நடந்துவருவார்கள். அவர்களிடமும் நேர்த்திக்கடனின் காரணத்தைத் தெருவில் வைத்துக் கேட்க வேண்டாம். காரணம் பெரும்பாலும் ஒரு நோயாகவோ குழந்தையில்லாக் குறையாகவோ இருக்கும். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காவடி இறங்கி இரண்டு நாள் கழித்துப் பேசினால், சொல்ல விரும்புவதை அவர்களே நிதானமாகச் சொல்வார்கள்.

நகரத்து ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. சிராங்கூன் சாலையில் கடைப் பாட்டு பின்னணியில் ஓடும்போது பேட்டி எடுத்தால் அதை வெட்டவே முடியாது; ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு குதிக்கும், பாட்டுக்கான காப்புரிமைத் தொல்லை வேறு. சந்துக்குள் நகர்ந்துவிடுங்கள். அந்தி நேரத்தில் மரத்துக்குத் திரும்பும் மைனாக் கூட்டத்தை எந்த மென்பொருளும் நீக்காது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தனியாகப் பதிந்துகொண்டால் தொகுக்கும்போது கைகொடுக்கும்.

சம்மதத்தை எப்படி வாங்குவது? படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் ஊழியர்கள் மிரள்கிறார்கள். கையெழுத்துப் போட்டு ஏமாந்த அனுபவம் பலருக்கு உண்டு. நான் இருமுறை வாய்மொழியாகக் கேட்டுப் பதிந்துகொள்கிறேன். தொடக்கத்தில் ஒருமுறை, பேசி முடித்தபின் இன்னொருமுறை. இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் தான் என்னென்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும். “அண்ணே, சம்பளம் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்ற வேண்டுகோள் அந்த இடத்தில்தான் வரும். எடுத்துவிடுவேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய குரல் பதிவு, சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபர் தரவுதான். செய்தி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக ஒருவரிடம் கேட்காமல் விடுவது என்ன நாகரிகம்?

பேட்டி கொடுப்பவர்களுக்கு. உங்களிடம் மைக் நீட்டுபவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், எந்த நிலையம், எங்கே ஒலிபரப்பாகும், இணையத்தில் எவ்வளவு காலம் இருக்கும், பின்னால் மனம் மாறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய பெயரையும் எண்ணையும் அங்கேயே உங்கள் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். கேள்விகளைப் பேட்டிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘அது வேண்டாம்’ என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. முதலாளியின் ஆளோ நிறுவன அதிகாரியோ பக்கத்தில் நிற்கும்போது பேசச் சொன்னால், ஊரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு வாருங்கள். எந்த வானொலிக்காரருக்கும் உங்கள் ஃபின் எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண்ணோ, அரசாங்க மின்சேவைகளுக்கான சிங்பாஸ் விவரமோ, வங்கிக் கணக்கோ தேவைப்படாது. பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு எண் கொடுங்கள் என்று ‘வானொலியிலிருந்து’ யாராவது அழைத்தால் உடனே துண்டியுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம். இப்போது கொஞ்ச நேரக் குரல் பதிவை வைத்தே அதேபோலப் பேசவைக்கும் செயலிகள் வந்துவிட்டன. ‘அம்மா, நான்தான் பேசுகிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்’ என்று உங்கள் குரலில் அழைப்பு வந்தாலும் திரும்ப உங்கள் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யும்படி வீட்டில் சொல்லிவையுங்கள்.

அதிகாரிகள், அமைப்புகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேள்விகளை எழுத்தில் கேட்பார்கள். வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்புங்கள். தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் தமிழ் அமைப்புக்காரர்கள் எவரையும் நிம்மதியாக உட்காரவைத்துப் பேச முடியாது. மேடையோரத்தில் கிடைப்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

ஊர் திரும்பியபிறகும் வேலை இருக்கிறது. ஒலிபரப்பு நேரத்தைப் பேசியவருக்குச் சிங்கப்பூர் நேரத்தில் சொல்லுங்கள். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, பலர் இதில் குழம்பித் தங்கள் குரலையே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒலிபரப்புக்கு முன்பே தொகுத்த பகுதியை அவருக்கு அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. பெயர், எண், முகவரி இருக்கும் குறிப்புகளையும் ஒலிக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கோப்பின் பெயராக ஆளின் பெயரை இடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிறகு ஒருநாள், வேண்டாம் எடுத்துவிடுங்கள் என்று அழைப்பு வந்தால் ஏன் என்று குடையாமல் எடுத்துவிடுங்கள். இணையப் பக்கத்திலிருந்து நீக்கியதோடு நின்றுவிடாமல் மறுஒலிபரப்புப் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து நீக்கி வெகுநாள் கழித்து, ஆளில்லாத பின்னிரவு நேரத்தில் கணினி தானாக எடுத்து ஓடவிட்டது அதே பேட்டியைத்தான் என்று ஒரு நண்பர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.